நாற்பது தட்டும் இருபத்தாறு நொடியும்

முதல் நாற்பது தட்டு முடிந்து இயந்திரம் ஓய்ந்ததும் ருக்குமணி தன் வலது கையைத்தான் பார்த்தாள். சாய்வு நாற்காலியின் கைப்பிடி மேல் அது மல்லாந்து கிடந்தது. அசையவில்லை. கட்டைவிரல்கூட அசையவில்லை. நல்லது. இன்னும் இருபத்தாறு நொடி இருக்கிறது, அதற்குள் எச்சில் விழுங்கிக்கொள்ளலாம், காலைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம், தலையை மட்டும் திருப்பக் கூடாது. நெற்றிக்கு மேலே இடது பக்கத்தில், இரண்டு சாசரைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைத்தது மாதிரி கறுப்பாக ஒரு தட்டு அழுந்திக்கொண்டிருந்தது. "பரவாயில்லீங்களா அக்கா?" என்று பெனிட்டா கேட்டாள். இயந்திரத்தை இயக்குகிற பெண். காதில் மஞ்சள் பஞ்சு அடைத்திருந்ததால் அவள் குரல் பக்கத்து வீட்டு டிவி மாதிரி வந்தது. "பரவால்ல கண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள் மறுபடி ஆரம்பித்துவிட்டது. டட்டட்டட்டட்டென்று நாலு நொடி, நொடிக்குப் பத்துத் தட்டு. மரங்கொத்தி என்று முதல் நாள் பெனிட்டா சொன்னாள். மரங்கொத்தி இல்லை, பல்லால் நகத்தைக் கடிக்கிற சத்தம்தான் இது, ஆனால் கடிக்கிறது நம் மண்டை ஓட்டை. நாலு நொடி தட்டும், இருபத்தாறு நொடி ஓயும், இப்படி எழுபத்தைந்து தடவை. ஒரு நாளைக்கு மூவாயிரம். இன்றைக்கு நாலாவது நாள், மொத்தம் இருபது நாள். தட்டுகிற நேரம் பரவாயில்லை, அப்போது எதையும் நினைக்க முடியாது. இந்த இருபத்தாறு நொடிதான். இதற்குள் ஒருத்தி எவ்வளவு நினைத்துவிடுகிறாள் என்று யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா? இத்தனை எந்திரம் வைத்திருக்கிறார்களே, இதையும் அளக்கலாமே.

நினைப்புதான் வியாதி என்று சென்னியப்பன் சொல்வார். அவள் வீட்டுக்காரர். கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார், எரிந்துபோன பம்புசெட்டு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிறவர். மகள் தாரணி பெங்களூரிலிருந்து போனில், மாத்திரை கேட்காத மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் நடக்கிற இந்த ஆய்வைப் பற்றிச் சொன்னபோது அவருக்குத்தான் முதலில் பிடிபட்டது. "காந்தம்தான் புள்ள. உள்ள காயில் கட்டி வெச்சிருப்பான். கரண்ட விட்டு விட்டு நிறுத்துனா காந்தம் உண்டாவும், அந்தக் காந்தம் மண்டைக்குள்ள போயிச் சின்னதா ஒரு கரண்ட உண்டாக்கும். தூங்கிட்டிருக்குற எடத்தத் தட்டி எழுப்புறாங்க, அவ்வளவுதான்" என்று சோற்றுத் தட்டை ஓரம் தள்ளிவிட்டு மேசையில் விரலால் எட்டுப் போட்டுக் காட்டினார். பதினாலு மாதத்தில் அவர் அவ்வளவு தெம்பாகப் பேசி அவள் பார்த்ததில்லை. பதினாலு மாதம். சிங்காநல்லூர்ப் பக்கம் அங்கன்வாடியில் இருபத்திரண்டு வருஷமாக டீச்சர் அவள். ஒரு செவ்வாய்க்கிழமை பதினேழு பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து யானைப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். மறக்கவில்லை. அடுத்த வரி வாய்க்குள் இருந்தது, அதை வெளியே தள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. எதற்கு என்று ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் கையைத் தும்பிக்கையாக நீட்டிக்கொண்டு காத்திருந்தன. ஆயா வந்து தோளைத் தொட்டாள். அப்புறம் லீவு, அப்புறம் மருத்துவ விடுப்பு, அப்புறம் நாலு வகை மாத்திரை. ஒன்றில் வாய் வறண்டது, ஒன்றில் எட்டு கிலோ கூடியது, ஒன்றில் கை நடுங்கியது, ஒன்று எதுவுமே செய்யவில்லை. துக்கம் என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. துக்கம் இருந்தால் தேவலை. மழை பெய்கிறது என்று ஜன்னலில் தெரியும், நனையாது, அந்த மாதிரி எல்லாம் அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. டட்டட்டட்டட்டட்.

ஓய்ந்தது. எத்தனையாவது? ஏழா, எட்டா? கை? கை சும்மா இருக்கிறது. முதல் நாள் இப்படிச் சும்மா இருக்கவில்லை. முதல் நாள் சிகிச்சை இல்லை, அளவு பார்ப்பது மட்டும்தான் என்று ஆய்வை நடத்துகிற டாக்டர் உமையாள் சொன்னார். தட்டைத் தலையில் இங்கே வைத்து ஒரு தட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு தட்டு. தேடிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் தட்டினதும் அவளுடைய வலது கட்டைவிரல் டபக்கென்று எழுந்து விழுந்தது. அவள் எழுப்பவில்லை. அது தானாக எழுந்தது. "இதுதாங்க அந்த இடம், கரெக்டா இருக்கு" என்று டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். மூலையில் நின்ற சென்னியப்பன்கூட, "பாத்தியா, லைன் பூரா நல்லாத்தான் இருக்குது" என்று சிரித்தார். அவளோ பதினாலு மாதத்தில் முதல்முறையாக ஒன்றை உணர்ந்தாள், அது பயம். ஏனென்றால் அந்தக் கட்டைவிரல் அவளுக்குத் தெரியும். அது தானாக ஆடும் என்று அவளுக்கு ஒன்பது வயதிலேயே தெரியும்.

நான்காம் வகுப்பு. காலை வழிபாட்டு வரிசை. வெயில். முன்னால் நின்ற பெண்ணின் சடையில் பச்சை ரிப்பன். அந்த ரிப்பன் திடீரென்று தூரமாகப் போனது, சத்தமெல்லாம் தகர டப்பாவுக்குள் போட்டது மாதிரி ஆனது, வலது கட்டைவிரல் ஆட ஆரம்பித்தது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். கண் விழித்தபோது அம்மா மடியில் கிடந்தாள். பாவாடை நனைந்திருந்தது. நாக்கு கடிபட்டு உப்புக் கரித்தது. வெயிலில் மயங்கி விழுந்தாள் என்றே பள்ளிக்கூடத்தில் நினைத்துக்கொண்டார்கள். பதினோரு வயதில் இன்னொரு தடவை, பெரியம்மா மகளின் மஞ்சள் நீராட்டுச் சீருக்குப் போன வீட்டில், நல்லவேளை பின்கட்டில், பார்த்தது அம்மா மட்டும். அதற்கப்புறம் ஈரோட்டில் ஒரு டாக்டர். கோயமுத்தூரில் டாக்டர் இல்லாமலா, ஊர்க்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றுதான் ஈரோடு. சின்ன வெள்ளை மாத்திரை, தினம் ஒன்று. சூட்டு மாத்திரை என்று அதற்கு வீட்டில் பெயர். அப்பாவுக்கேகூட அப்படித்தான் தெரியும். பதினேழு வயதில் டாக்டரே நிறுத்தினார். அதற்கப்புறம் வரவில்லை. கல்யாணம் பேசி முடித்த அன்று அம்மா அவளைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் மெதுவாகச் சொன்னாள்: "அது இல்ல. உனக்கு அது எப்பவும் இருந்ததில்ல. என் தலைல கைய வெச்சு சொல்லு." ருக்குமணி கையை வைத்தாள். ஈரத்தலை, நரைமுடி ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டது. இருபத்தேழு வருஷம். முதல் வருஷம் பூராவும் அவர் தூங்கினபிறகுதான் தூங்கினாள், தூக்கத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது. பிள்ளைப்பேற்றின்போது வலியைவிட அந்தப் பயம்தான். வரவில்லை. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது இது இந்த உலகத்தில் ஓர் ஆளுக்குத்தான் தெரியும். டட்டட்டட்டட்டட்டட்.

ஆய்வில் சேர்வதற்கான படிவத்தில் பதினாலாவது கேள்வி. பேஸ்மேக்கர் உண்டா, தலைக்குள் உலோகம் ஏதாவது உண்டா, காது அறுவை செய்ததுண்டா என்று வரிசையாக வந்தது. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கேள்வியைப் படித்த நர்ஸும் ஓட்டத்தில் படித்துக்கொண்டே வந்தாள். பக்கத்து நாற்காலியில் சென்னியப்பன், மடியில் பழைய ரிப்போர்ட்டுப் பையை வைத்துக்கொண்டு. "உங்களுக்கு எப்பவாவது வலிப்பு வந்திருக்குதுங்களா, சின்ன வயசுலயாவது?" "இல்லீங்க." அவள் சொல்லவில்லை, வாய் சொன்னது. அந்த வாய் பழகிய வாய். அவள் யோசிப்பதற்குள் நர்ஸ் பதினைந்துக்குப் போய்விட்டாள். பிறகு டாக்டர் உமையாள் பொறுமையாக ஒவ்வொன்றாக விளக்கினார். ரொம்ப அபூர்வமாக, ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக, வலிப்பு வரக்கூடும், அதனால்தான் முன்னாலேயே அப்படி வந்தவர்களை நாங்கள் சேர்ப்பதில்லை. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். காரணம் சொல்லாமலே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் சென்னியப்பன் பேனாவை மூடி திறந்து நீட்டிக்கொண்டிருந்தார், முகத்தில் அந்தத் தெம்பு. அவள் கையெழுத்துப் போட்டாள்.

சரி, போட்டால்தான் என்ன. பாதிப் பேருக்குத்தானே உண்மைக் காந்தம். மீதிப் பேருக்கு வெறும் சத்தம். அதே தட்டு, அதே டட்டட், உள்ளே ஒன்றும் போகாது. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுப் போட்டு முடிவு செய்திருக்கிறது, டாக்டருக்கும் தெரியாது, பெனிட்டாவுக்கும் தெரியாது. அப்படியென்றால் எனக்கு வெறும் சத்தம்தான் வந்திருக்கும் என்று செவ்வாயும் புதனும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அளவு பார்த்தபோது வைத்தது வேறு தட்டு, அது எல்லாருக்கும் நிஜம், இப்போது வைப்பது பொய்த்தட்டு. அப்படியானால் பயமில்லை. அப்படியானால் பிரயோஜனமும் இல்லை. பொய் சொல்லி வந்தவளுக்குப் பொய்த்தட்டு, சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஒன்று நடந்தது. முன் சீட்டில் ஒரு பெரியவர் புதுப் பம்பு ஒன்றைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் அதன் தலையில் கையை வைத்துக்கொண்டார், பச்சைக் குழந்தைக்கு வைப்பது மாதிரி. அதைப் பார்த்ததும், இதை வீட்டுக்காரர்கிட்டச் சொல்லோணும் என்று அவளுக்குத் தோன்றியது. அவ்வளவுதான். சொல்லவில்லை. ஆனால் தோன்றியது. ஒன்றைப் பார்த்து அதை இன்னொருவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றி எவ்வளவு நாள் ஆயிற்று. ராத்திரி சோறு வடிக்கும்போது அதையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள், முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துப் பார்ப்பது மாதிரி. இது காந்தமா? மூன்று நாளில் வேலை செய்யுமா? வேலை செய்கிறது என்றால் அது நிஜத்தட்டு. நிஜத்தட்டு என்றால்…

டட்டட்டட்டட்டட். இடது புருவம் துடித்தது. நேற்றும் துடித்ததா? இல்லை, நேற்று இல்லை. பெனிட்டா இன்றைக்குத் தட்டைக் கொஞ்சம் முன்னால் வைத்திருக்கலாம். புருவம் துடிக்கும், தாடை இறுகும், அது சகஜம் என்று முதல் நாளே சொன்னார்கள். சகஜம். கை? கை சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிறதா, இல்லை உள்ளுக்குள் ஏதோ நமநமவென்கிறதா? உற்றுப் பார்த்தால் எந்த விரலும் ஆடுகிற மாதிரித்தான் இருக்கும். எதிர்ச் சுவரில் நீலத்தில் ஒரு காலண்டர், அதில் தேதிகள். அந்தத் தேதிகள் தூரமாகப் போகின்றனவா? இல்லை, இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பத்தொன்பது. பத்தொன்பதைச் சுற்றி யாரோ வட்டம் போட்டிருக்கிறார்கள். பத்தொன்பதாம் தேதிதான் உடுமலைப்பேட்டையிலிருந்து தாரணியைப் பார்க்க வருகிறார்கள். பையன் நல்ல பையன், தாரணிக்கே தெரிந்தவன், சும்மா முறைக்கு வருகிறார்கள். அவர்கள் காதில் இது விழுந்தால்? அம்மாவுக்கே இப்படி உட்கார்ந்துபோன வியாதி என்று ஏற்கெனவே கொஞ்சம் முணுமுணுப்பு. அதோடு இதுவும் என்றால்? ரத்தத்தில் இருக்கிறது என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இன்னும் பதினாறு நாள் உட்கார்ந்துவிட்டால் போதும். முப்பத்தெட்டு வருஷமாக வராதது இந்தப் பதினாறு நாளில்தானா வரப்போகிறது? வராது. வந்தால்? வந்தால் இந்த நாற்காலியிலேயே வரும், எல்லார் முன்னாலும், பாவாடை நனைய. இல்லை, வராது. ஆயிரத்தில் ஒருவர். ஆயிரத்தில் ஒருவர் யார்? அது வந்து போனவர்களைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு. என்னை மாதிரி ஒருத்தியை வைத்துப் போட்டால் அது ஆயிரமாக இருக்காது, நூறாக இருக்கும், பத்தாக இருக்கும், யாருக்குத் தெரியும், யாரும் போட்டுப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்றுதானே பதினாலாவது கேள்வி.

"இன்னும் நாப்பது ரவுண்டுதான் அக்கா" என்றாள் பெனிட்டா. ஏதோ பொத்தானை அழுத்திவிட்டு இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் கண்ணை எடுப்பதே இல்லை. போனைப் பார்க்க மாட்டாள், வெளியே போக மாட்டாள். முப்பத்தேழு நிமிஷமும் இப்படித்தான், பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி முகத்தைப் பார்த்துக்கொண்டு. மூன்று நாளாக ருக்குமணி அதை ஓர் அன்பு என்று நினைத்திருந்தாள். இப்போது சட்டென்று தெரிந்தது, அவள் அதற்காகத்தான் காத்திருக்கிறாள். அது வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வந்தால் முதலில் கேள்வி கேட்கப்படுபவள் இவள்தான். அளவு சரியாக வைத்தாயா, தட்டை எங்கே வைத்தாய், எத்தனை நொடி விட்டாய். எல்லாம் சரியாக வைத்தவள் திருதிருவென்று நிற்பாள். பிறகு ஒரு காகிதத்தில் எழுதுவார்கள், காந்தச் சிகிச்சையில் ஒரு பெண்மணிக்கு வலிப்பு என்று. எழுதி மேலே அனுப்புவார்கள். நிறுத்தச் சொல்லுவார்கள். வெளியே பெஞ்சில் அடுத்த முறைக்கு உட்கார்ந்திருக்கிறாரே ரங்கராஜு, பஸ் கண்டக்டராக இருந்து வேலையை விட்டவர், நேற்று அவளிடம் தானாக வந்து பேசினார். "பதினோரு வருசமா மாத்திரைதாங்க. இதுவும் கேக்கலைன்னா அப்பறம் எங்க போறதுன்னு தெரியல" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டு, கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினார்.  இந்தக் கதவை அவர் முகத்தில் சாத்துகிறவள் நான். காந்தம் சாத்தவில்லை, கம்ப்யூட்டர் சாத்தவில்லை. என் வாய். அன்றைக்குச் சொன்ன ஒரு 'இல்லீங்க'. அம்மா, நீ என்னிடம் சத்தியம் கேட்டது உன் தலையை வைத்து, என் குடும்பத்துக்காக. இந்த ஆளுடைய தலையையும் சேர்த்தா கேட்டாய்? டட்டட்டட்டட்டட்டட். நாற்பது தட்டு முடியும்வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் இடது கையைத் தூக்கினாள். நிறுத்த வேண்டுமானால் கையைத் தூக்குங்கள் என்று சொல்லியிருந்தார்கள். தூக்கின கை அவள் தூக்கினதுதான், தானாக எழவில்லை.

பெனிட்டா உடனே நிறுத்தினாள். தட்டை நகர்த்தினாள். தலை திடீரென்று லேசாகி, கழுத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "வலிக்குதாங்க்கா? தண்ணி வேணுமா?" என்றாள். ருக்குமணி காதுப் பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "வலிக்கல கண்ணு. பதினாலாவது கேள்விக்கு நான் மாத்திச் சொல்லிட்டேன்." பெனிட்டாவுக்குப் புரியவில்லை. "எனக்கு வலிப்பு வந்திருக்குது. சின்னப் புள்ளையில. ரெண்டு தடவை. ஆறு வருசம் மாத்திரை சாப்பிட்டேன்." சொல்லி முடித்ததும் அறையில் ஏசி ஓடுகிற சத்தம் இவ்வளவு நேரமும் இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. பெனிட்டா முகம் வெளுத்து இயந்திரத்தின் பின்பக்கம் போய்ச் சுவிட்சையே அணைத்துவிட்டு வந்தாள். "எந்திரிக்காதீங்க, அப்படியே இருங்க, மேடத்தைக் கூப்பிடுறேன்" என்று போனை எடுத்தாள். நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

டாக்டர் உமையாள் வேகமாக வந்தார். வந்தவர் நாற்காலிக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார், எந்த வயதில், எப்படி ஆரம்பித்தது, என்ன மாத்திரை, எப்போது நிறுத்தினது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். திட்டுவார் என்று ருக்குமணி காத்திருந்தாள். எழுதி முடித்து அவர் பேனாவை மூடிவிட்டு, "இதை நிறுத்தித்தாங்க ஆகணும்" என்றார்.

"தெரியுமுங்க."

"உங்களுக்கு வேற வழியே இல்லைன்னு நினைச்சுக்காதீங்க. மூளை அலையைப் பதிவு பண்ணிப் பாக்கலாம், அதுக்குன்னு ஒரு டாக்டர் இருக்கார், வர்ற வாரம் வியாழக்கிழமை காட்டுவோம். அவர் பாத்து என்ன சொல்றாரோ அதை வெச்சு மேல யோசிக்கலாம். ஆய்வுலதான் இருக்க முடியாது. சிகிச்சைக்கு நீங்க எப்பவும் வரலாம்." கொஞ்சம் நிறுத்தி, "உங்களை அன்னிக்குத் தனியா உக்காரவெச்சுக் கேட்டிருக்கணும். வீட்டுக்காரரைப் பக்கத்துல வெச்சுட்டுக் கேட்டது எங்க தப்பு" என்றார்.

ருக்குமணிக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "எனக்கு வெச்சது நெசத் தட்டுங்களா, பொய்த் தட்டுங்களா?"

"எனக்கும் தெரியாதுங்க. ஆய்வு முடிஞ்சாத்தான் தெரியும்."

"எத்தனை நாள் ஆவும்?"

"ரெண்டு வருஷம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமில்லாத சிரிப்புதான், தோள் மட்டும் குலுங்கியது, அதைப் பார்த்து டாக்டர் பதறிப்போய்க் கையைப் பிடித்தார். இல்லீங்க, சிரிப்புதாங்க என்று சொல்ல வேண்டியிருந்தது. விலகல் படிவம் கொண்டுவந்தார்கள். ஒரே பக்கம். காரணம் என்று ஒரு கோடு, பக்கத்திலேயே கட்டாயமில்லை என்று அச்சடித்திருந்தது. அவள் எழுதினாள். அங்கன்வாடிப் பதிவேட்டுக் கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து தனித்தனியாக. அந்த வார்த்தையை அவள் இதுவரை எங்கும் எழுதியதில்லை, வ-வும் லி-யும் சாதாரண எழுத்தாகத்தான் இருந்தன. டாக்டர் தாளை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுக்காரர் வெளிய இருக்கார். உங்க சம்மதம் இல்லாம இதை நாங்க யார்கிட்டயும் சொல்லமாட்டோம். அளவு ஒத்துவரலை, டாக்டரே நிறுத்திட்டாங்கன்னு நீங்க சொன்னாலும் சரிதான். அது உங்க இஷ்டம்." அளவு ஒத்துவரலை. எவ்வளவு சுலபமான வார்த்தை. நாக்குக்கு அது உடனே பிடித்துவிட்டது, நாக்கு அதை வாங்கி மடித்து உள்ளே வைத்துக்கொள்ளப் பார்த்தது. குளியலறைக் குழாயை யாரோ மறுபடியும் திறந்துவிட்டது மாதிரி இருந்தது. ருக்குமணி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். "நானே சொல்லிக்கிறனுங்க" என்றாள். எதைச் சொல்லிக்கொள்ளப் போகிறாள் என்று கதவைத் திறக்கிறவரைக்கும் அவளுக்கே தெரியவில்லை.

வெளியே நடைபாதையில் சென்னியப்பன் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். சீக்கிரம் வந்துவிட்டாளே என்று மணியைப் பார்த்தார். "என்ன புள்ள, அதுக்குள்ள முடிஞ்சுதா?" ரங்கராஜு பெஞ்சிலிருந்து தலையைத் தூக்கி, தன் முறை வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலோடு எழுந்து உள்ளே போனார். அவர் போகிறவரை ருக்குமணி காத்திருந்தாள்.

"நிறுத்திட்டாங்க. எனக்குச் சின்ன வயசுல வலிப்பு இருந்துச்சுங்க. கேட்டப்ப இல்லைன்னு சொன்னேன். உங்ககிட்டயும் சொல்லல. அம்மா சொல்ல வேண்டாம்னுச்சு, நானும் சொல்லல."

அவர் கையிலிருந்த ரிப்போர்ட்டுப் பையை ஜன்னல் கட்டையில் வைத்தார், அது சரிந்தது, மறுபடி எடுத்து வைத்தார். அவள் எதிர்பார்த்தது ஏமாத்திட்டீங்களே என்ற சொல். இருபத்தேழு வருஷமாக அந்தச் சொல்லுக்குப் பதில்கள் தயாராக வைத்திருந்தாள், ராத்திரி ராத்திரியாக அடுக்கி வைத்த பதில்கள். அவர் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"நாலு நாளா நாந்தான புள்ள கூட்டியாந்து உக்காரவெச்சேன்." குரல் உயர்ந்தது. "கரண்ட் வேலை செய்யறவன் நான். எரிஞ்ச காயில்ல புதுசா லோடு குடுத்தா என்னாவும்னு எனக்குத் தெரியாதா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தச் சேர்ல உக்கார விட்டிருப்பனா? எதாச்சும் ஆயிருந்தா?" நடைபாதையில் போன ஒரு நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நடைபாதைக் கடைசியில் இருந்த குடிநீர்க் குழாய்வரை வேகமாக நடந்தார். டம்ளரைப் பிடித்தார். குடிக்கவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. போய்விடுவார் என்று நினைத்தாள். படிக்கட்டு அங்கேதான் இருக்கிறது, அப்படியே இறங்கிப் போய்விடலாம், போனால் தப்பில்லை. அவர் அந்த டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்.

"கோவமாத்தான் இருக்குது" என்றார். "இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"ம்."

"தாரணிக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. இன்னைக்கு நானே சொல்றேன். அந்த உடுமலைப் பையன்கிட்டச் சொல்றதா வேண்டாமான்னு அவ முடிவு பண்ணட்டும்."

அவர் தலையாட்டினார். ஜன்னலுக்கு வெளியே, கீழே ஆம்புலன்ஸ் ஒன்று பின்பக்கமாக வந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் மறுபடி அந்தச் சத்தம் ஆரம்பித்தது. ரங்கராஜுவுக்கு. அவள் தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்து, பத்துக்கு மேல் விட்டுவிட்டாள்.

"இப்ப வந்தா" என்றார் சென்னியப்பன் திடீரென்று. "வீட்ல இருக்கறப்ப, நான் மட்டும் இருக்கறப்ப. வந்தா நான் என்ன பண்ணோணும்?"

ருக்குமணி டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தாள். "ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாய்ல எதையும் திணிக்க வேண்டாம், தண்ணியும் ஊத்த வேண்டாம். கைகால அழுத்திப் புடிக்காதீங்க. தலைக்கடியில மெத்துனு எதாச்சும் வைங்க. மணியப் பாருங்க, அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா ஆம்புலன்ஸ். முழிச்சதும் பக்கத்துல இருங்க. எங்க இருக்கறேன்னு எனக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லோணும்."

அவர் சட்டைப்பையில் தடவிப் பென்சிலை எடுத்தார். ரிப்போர்ட்டுப் பையின் மேலேயே எழுதுவதற்குக் கையை ஊன்றிக்கொண்டார்.

"மெதுவா" என்றார். "மொதல்ல இருந்து சொல்லு."